பத்துக் குப்பி ஊசிமருந்து

சங்கரன்கோவிலில் திருவேங்கடம் சாலையோரம் இருக்கிற அந்த நாற்பது படுக்கை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு டாக்டர் சாம்ராஜைத் தெரியும், மாடியில் ஓடியாடுகிற நர்சுகளைத் தெரியும். படிக்கட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஷீலாவை யாரும் தனியாகக் கவனித்ததில்லை. சீட்டை நீட்டுவார்கள், மாத்திரையை வாங்குவார்கள், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான்.

அவளுக்குச் சொந்த ஊர் சிவகிரி. நர்சாக ஆசைப்பட்டவள்தான். ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். அதனால் அவளுடைய அப்பா பாளையங்கோட்டையில் பார்மசி டிப்ளமோவில் சேர்த்துவிட்டார். படித்து முடித்த இரண்டாம் வருடம் அரசு பஸ் கண்டக்டர் ஜெயசிங்கைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வந்தாள். ஒரே மகன் இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான். நாற்பத்தேழு வயதில் அவளுக்கென்று இருந்த ஒரே பழக்கம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தைப் பிரித்து வாசிப்பது. கூட்டமில்லாத மதிய நேரத்தில் கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு வரி விடாமல் வாசிப்பாள். அதனால் யாருக்கு என்ன லாபம் என்று ஜெயசிங் கேலி செய்வார். லாபம் ஒன்றும் இல்லை. வாசித்ததை அவள் யாரிடமும் சொன்னதும் இல்லை.

மிஸ்ரியா அவளிடம் முதலில் வந்தது பதினாறு வருடத்துக்கு முன்பு. அப்போது மிஸ்ரியாவுக்கு வீடு கடையநல்லூரில். கையில் ஐந்து வயதுப் பெண்குழந்தையைப் பிடித்துக்கொண்டு, துப்பட்டியை முகத்தருகே இழுத்துவிட்டபடி, நான்காக மடித்த ஒரு சீட்டைக் கம்பிவலைக்குள் தள்ளினாள். திருநெல்வேலி நரம்பு டாக்டர் ஒருவர் எழுதிய வலிப்பு மாத்திரை. பெனிட்டோயின், தினம் மூன்று. கடையநல்லூரில் இல்லாத மருந்துக்கடையா என்று ஷீலா கேட்டதற்கு, அங்கே எல்லாரும் தெரிந்தவர்கள் என்றாள். அடுத்தடுத்த மாதங்களில் மெல்ல மெல்லச் சொன்னாள். பதினைந்து வயதில் வலிப்பு வந்தது. மாத்திரை போட்டதும் அடங்கிவிட்டது. அதை மறைத்துத்தான் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். கணவர் சித்தீக் சவூதியில், தம்மாமில் இருந்தார்; இரண்டு வருடத்துக்கு ஒருதரம் வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போவார். அவருக்கும் தெரியாது, மாமியார் வீட்டுக்கும் தெரியாது.

"தெரிஞ்சா அன்னைக்கே எம் பொட்டியக் கட்டி வாசல்ல வச்சிருவாவக்கா" என்று ஒருநாள் சொன்னாள். ஷீலா யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தாள். மிஸ்ரியா வந்தபோதெல்லாம் அந்தப் பழைய சீட்டை வைத்தே மாத்திரையும் கொடுத்தாள். அது முறையல்ல என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மருந்து நின்றால் அந்தப் பெண் எங்காவது நடுத்தெருவில் விழுந்துவிடுவாளே என்ற பயமும் இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன்பு சித்தீக் சவூதியை முடித்துக்கொண்டு வந்து சங்கரன்கோவிலிலேயே ரெடிமேட் கடை போட்டார். குடும்பமும் இங்கே வந்தது. மகள் ஹஸ்னா பானு டிகிரி முடித்து ஒரு நர்சரிப் பள்ளியில் வேலைக்குப் போனாள். விவரம் தெரிந்த நாளிலிருந்தே உம்மாவின் மாத்திரை அவளுக்குத் தெரியும். வெந்தய டப்பாவுக்கு அடியில் அது இருக்கும் இடமும், அதைப் பற்றி வாப்பாவிடம் பேசக்கூடாது என்பதும் தெரியும்.

சென்ற வருடம் மிஸ்ரியாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆயிற்று. அதன் பிறகு வீட்டிலிருந்தே சாப்பிடும்படி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பதினான்கு நாள் சாப்பிட வேண்டும், ஏழு நாள் நிறுத்த வேண்டும், மறுபடியும் பதினான்கு நாள். வேறு என்ன நோய் இருக்கிறது, வேறு என்ன மருந்து எடுக்கிறாய் என்று அங்கே கேட்டபோது, சித்தீக் பக்கத்திலேயே நின்றார். ஒன்றுமில்லை என்றாள் மிஸ்ரியா.

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் ஒருநாள் ஷீலாவிடம் வந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. என்ன இப்படி இளைத்துவிட்டீர்கள் என்று ஷீலா கேட்க, வயிற்றில் ஆபரேஷன் என்று மட்டும் சொன்னாள். அதற்கு இப்போது என்ன மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்க ஷீலாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. பின்னால் ஆறு பேர் நின்றார்கள். ஒருவர் சில்லறையைக் கம்பிவலையில் தட்டிக்கொண்டிருந்தார். மிஸ்ரியா அட்டைகளை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை, அவளை ஷீலாவின் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். நடந்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு ஆள் இரண்டு ஆளாகத் தெரிவதாகச் சொன்னாள். எது சாப்பிட்டாலும் வாந்தி. பன்னிரண்டாம் அறையிலிருந்து வந்த சீட்டில் பெயரைப் பார்த்ததும் ஷீலாவுக்கு விஷயம் தெரிந்தது. சீட்டில் சலைனும் வாந்தி ஊசியும்தான் இருந்தன. வலிப்பு மாத்திரையை வீட்டிலிருந்து கொண்டுவந்திருப்பார்கள், டாக்டரிடம் சொல்லாமலா இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மேலே போய் ஒருதரம் பார்க்க வேண்டும் என்றும் நினைத்தாள். கடையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை நர்ஸ் பேச்சி வந்து செய்தி சொன்னாள். தலைக்கு ஸ்கேன் எடுத்ததில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லையாம். ஆனால் புற்றுநோய் மூளையின் பின்பக்கம் பரவியிருந்தால் அந்த ஸ்கேனில் அகப்படாமல் போகலாம், அறிகுறிகளைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஷீலா அன்றைக்கு வீட்டுக்குப் போய் மிஸ்ரியாவுக்காக ஜெபம் செய்தாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் இரண்டே முக்கால் மணிக்குப் பேச்சி வேகமாகப் படியிறங்கி வந்து ஒரு சீட்டைத் தள்ளினாள். பன்னிரண்டாம் அறை, மிஸ்ரியா, வயது நாற்பத்து நான்கு. பெனிட்டோயின் ஊசி, பத்துக் குப்பி, உடனே.

மேலே என்ன நடக்கிறது என்பதைப் பேச்சி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். காலையிலிருந்து நோயாளியின் கை வெட்டி வெட்டி இழுக்கிறது. மூளைக்குப் பரவினதால் வலிப்பு வரப்போகிறது என்று டாக்டர் நினைக்கிறார். திருநெல்வேலிக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது. ஆனால் சித்தீக்கின் அண்ணன் ரசூல், அங்கே கொண்டுபோய் அலைக்கழிக்க வேண்டாம், கடையநல்லூர் வீட்டுக்கே கொண்டுபோய்விடலாம் என்று பிடிவாதமாக நிற்கிறார். எங்கே போனாலும் வழியில் வலிப்பு வந்துவிடக் கூடாது, ஊசியைப் போட்டு அனுப்புங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஷீலா அலமாரியைத் திறந்து பத்துக் குப்பிகளையும் எண்ணித் தட்டில் வைத்தாள். தட்டைத் தள்ளப் போன கை அப்படியே நின்றது.

"பேச்சி, இந்தம்மா ஏற்கெனவே இந்த மருந்தத்தான் சாப்பிடுதாவ."

"கேஸ் ஷீட்டுல அப்படி ஒண்ணும் எழுதலயேக்கா."

"எழுதல. அதான் பயமா இருக்கு."

அவளுக்கு அப்போது முழுதாக எதுவும் புரியவில்லை. ஏற்கெனவே உடம்பில் இருக்கிற மருந்து, அதன் மேல் இவ்வளவு பெரிய அளவு நரம்பு வழியாக ஏறினால் இதயம் தாங்காமல் போகலாம் என்பது மட்டும் தெரிந்தது. பத்துக் குப்பிகளையும் மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகினாள். ஐந்து நிமிடம் பொறு என்று சொல்லிவிட்டு, கடையில் மூன்று பேர் நிற்கும்போதே எழுந்து படியேறினாள். வேலை நேரத்தில் அவள் மாடிக்குப் போனதைப் பேச்சி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அறைக்கு வெளியே சித்தீக் சுவரில் சாய்ந்து நின்றார். ரசூல் போனில் யாருக்கோ வீட்டைத் திறந்து பெருக்கி வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே மிஸ்ரியா மல்லாந்து கிடந்தாள். ஷீலாவை அடையாளம் தெரிந்தது. "ஷீலாக்கா" என்று சொல்லப் பார்த்தாள். நாக்குத் தடித்து வார்த்தை குழறியது. பக்கவாட்டில் நின்ற ஷீலாவை நோக்கி அவள் பார்வையைத் திருப்பியபோது, இரண்டு கருவிழிகளும் நிலைகொள்ளாமல் பக்கவாட்டில் துடித்தன.

அந்தத் துடிப்பைப் பற்றி ஷீலா வாசித்திருக்கிறாள். பெனிட்டோயின் பெட்டிக்குள் இருக்கிற காகிதத்தில் அது இருக்கிறது. மருந்து அளவுக்கு மீறினால் கண் துடிக்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும், வாந்தி வரும். வரிசை மாறாமல் அப்படியே இருந்தது.

கட்டிலருகே நின்ற ஹஸ்னாவைத் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்குக் கூட்டிப் போனாள்.

"உம்மாவுக்கு அந்த மாத்திர இன்னும் குடுக்கியா மக்கா?"

எந்த மாத்திரை என்று கேட்டாள் ஹஸ்னா. கண் வராந்தாவில் நின்ற வாப்பாவிடம் போய்விட்டு வந்தது.

"எங்கிட்ட மறைக்காத. நானே எடுத்துக் குடுக்கிற மாத்திர."

ஹஸ்னா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒருநா தப்பினாலும் வலிப்பு வந்திரும்னு உம்மா சொல்லிருக்காவ. விழுங்க முடியல. அதனால பொடிச்சுக் கஞ்சியில கலந்து குடுக்கேன். நேத்து வாந்தி எடுத்திட்டாவ. திரும்பவும் பொடிச்சுக் குடுத்தேன்."

பதினாறு வருடமாக ஒத்துக்கொண்ட அதே அளவு இப்போது மட்டும் ஏன் மீறியது என்று ஷீலா யோசித்தாள். புற்றுநோய் மாத்திரை எங்கே என்று கேட்டாள். ஹஸ்னா ஓடிப்போய்ப் பையிலிருந்து பெட்டியை எடுத்து வந்தாள். உள்ளே மடித்த காகிதம் பிரிக்கப்படாமலே இருந்தது. ஷீலா ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிரித்துப் பிடித்தாள். சுவரில் வைத்து அழுத்திக்கொண்டு வாசித்தாள். மூன்றாவது மடிப்பில், மற்ற மருந்துகளோடு சேரும்போது என்கிற இடத்தில், பெனிட்டோயின் பெயர் இருந்தது. இந்த மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தத்தில் பெனிட்டோயின் அளவு ஏறிவிடும், ரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

பெனிட்டோயினை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. புற்றுநோய் மாத்திரை அந்த வேலையைத் தடுத்துவிட்டது. தினம் போட்ட மூன்று மாத்திரையும் வெளியே போகாமல் இரண்டு மாதமாக உள்ளுக்குள்ளே சேர்ந்துகொண்டிருந்தது. மிஸ்ரியாவை அரித்தது மூளைக்குப் போன நோய் அல்ல. வெந்தய டப்பாவுக்கு அடியில் இருந்த மாத்திரை.

டாக்டரிடம் சொல்லப் போகிறேன் என்றதும் ஹஸ்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தென்காசியில் ஹஸ்னாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள், அடுத்த மாதம் நிச்சயம். வலிப்பு என்ற சொல் வெளியே வந்தால் அதுவும் போகும், உம்மாவின் இருபத்து நான்கு வருட வாழ்க்கையும் போகும் என்று அழுதாள். வாப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று மறுபடி மறுபடி கெஞ்சினாள்.

"டாக்டர்ட்ட மட்டும் சொல்லுதேன். சொல்லாம இருக்க முடியாது மக்கா. இனிமே ஒரு பொடி குடுக்காத." பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு ஷீலா கீழே இறங்கினாள்.

டாக்டர் சாம்ராஜுக்கு அதற்குள் விஷயம் போய்விட்டது. ஷீலா மருந்தைப் பூட்டிவிட்டுப் போய்விட்டாள் என்று பேச்சி பயந்து சொல்லியிருந்தாள். அவர் ஒரு முதியவரின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருந்தார். ஷீலாவைக் கண்டதும் அதைக் காதிலிருந்து எடுத்தார். நல்ல மனிதர், ஆனால் எதிர்த்துப் பேசினால் பிடிக்காது. நாற்பது படுக்கையையும் ஒற்றை ஆளாகப் பார்ப்பவர்.

"எழுதினதை எடுத்துக் கொடுக்கிறது உங்க வேலை. வேண்டாம்னு முடிவு பண்றது என் வேலை. இதுல எது உங்களுக்குப் புரியல?"

முதியவர் சட்டையைப் போடவும் தெரியாமல் எழவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அவர் வெளியே போகட்டும் என்றாள் ஷீலா. போனதும் கதவைச் சாத்தினாள். இருபத்திரண்டு வருடத்தில் டாக்டரின் அறைக் கதவை அவள் சாத்தியதில்லை. காகிதத்தையும் பாதி தீர்ந்த மாத்திரை அட்டையையும் மேசையில் வைத்தாள். பேச வேண்டியதை வரிசையாக யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். வாயைத் திறந்ததும் எல்லாம் கலைந்துவிட்டது. கண் துடிக்கிறது, கஞ்சியில் கலந்து கொடுக்கிறார்கள், மூன்றாவது மடிப்பில் இருக்கிறது என்று முன்னும் பின்னுமாகச் சொன்னாள்.

டாக்டர் காகிதத்தைக் கையிலெடுத்தார். வெகுநேரம் வாசித்தது போல இருந்தது.

"வலிப்பு இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதினாறு வருஷமா நாந்தான் சார் மாத்திர குடுக்கேன்."

"சீட்டு?"

"பழைய சீட்டு."

அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையை ஷீலா தாங்கிக்கொண்டாள். அவர் எழுந்து, படியை இரண்டிரண்டாகத் தாண்டி மேலே போனார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டர் மிஸ்ரியாவின் கண்ணைப் பார்த்தார். விரலை மூக்கில் தொடச் சொன்னார். விரல் கன்னத்துக்குப் போயிற்று. ஹஸ்னாவைத் தனியாக அழைத்துக் கேட்டார். ஊசிச் சீட்டைக் குறுக்கே அடித்தார். புற்றுநோய் மாத்திரையையும் நிறுத்தினார். திருநெல்வேலிப் புற்றுநோய் டாக்டரைப் போனில் பிடித்தார். வேறு மருந்து உண்டா என்று மூன்று முறை கேட்டோம், இல்லை என்றார்களே என்று அவர் திகைத்துப் போனார். பெனிட்டோயினை ஒரேயடியாக நிறுத்தினாலும் ஆபத்து. அளவு இறங்கும்போது உண்மையான வலிப்பு வரலாம். எனவே மற்றதோடு மோதாத வேறொரு வலிப்பு மருந்தைத் தொடங்கினார்கள். ரத்தத்தில் பெனிட்டோயின் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும். அந்தப் பரிசோதனை திருநெல்வேலியில்தான் உண்டு.

ஜெயசிங்குக்கு அன்று நாலு பத்து திருநெல்வேலி டிரிப். ஷீலா, மிஸ்ரியாவின் ரத்தம் எடுத்த சிறு குழாயை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். டிக்கெட் பையோடு நின்ற ஜெயசிங் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எந்தப் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டு அதை வாங்கிக்கொண்டார். பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டுதான் போனதாகப் பிறகு சொன்னார்.

திரும்பி வந்தவளிடம் டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்று. "நீங்க சொன்னது தப்பா இருந்தா, அந்த அம்மாவுக்கு ஒரு நாளை நாம வீணாக்கியிருக்கோம். மூளையில வீக்கம் இருந்தா ஒரு நாள் பெரிய விஷயம்."

ஷீலா கடையில் போய் உட்கார்ந்தாள். சீட்டுகளை இரண்டு முறை வாசித்தாள், மாத்திரைகளை இரண்டு முறை எண்ணினாள். தான் பார்த்த கண் துடிப்பு உண்மையில் துடிப்புதானா என்றே சந்தேகம் வந்தது. ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பியதில் ரசூல் கோபத்தில் இருந்தார். பிழைக்காத ஆளை வைத்துக்கொண்டு எதற்கு இந்தப் பரிசோதனை என்று வராந்தாவில் அவர் பேசியது கீழே வரைக்கும் கேட்டது.

ஐந்தரை மணிக்குச் சித்தீக் கம்பிவலைக்கு முன்னால் வந்து நின்றார்.

"எம் பொஞ்சாதிக்கு ஏதோ ஒரு மருந்த நீங்க நிப்பாட்டிட்டியளாம். என்ன மருந்து?"

ஷீலா அவரைப் பார்த்தாள். வாக்குக் கொடுத்தது மிஸ்ரியாவுக்கு. அவள் வாய் திறக்க முடியாமல் மாடியில் கிடக்கிறாள். இந்த மனிதர் மூன்று நாளாக வேட்டிகூட மாற்றாமல் வராந்தாவில் நிற்கிறார். டாக்டர் சொல்வார் அண்ணாச்சி என்றாள்.

"டாக்டர் உங்களக் கேக்கச் சொல்லல. எம் மக மூஞ்சியப் பாத்தே கேக்கேன். என்னமோ இருக்கு. எல்லாருக்கும் தெரியுது, எனக்குத் தெரியல."

ஹஸ்னா படியில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. மீதிப் படிகளை இறங்கி வந்து, வாப்பாவின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். உம்மாவுக்குச் சின்ன வயதிலேயே வலிப்பு. தினமும் மாத்திரை. அதுவும் புற்றுநோய் மாத்திரையும் ஒத்துக்கொள்ளவில்லை. தெரியாமல் நான்தான் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

சித்தீக் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு மகளிடம் ஒன்று கேட்டார். தான் தம்மாமில் இருந்தபோது மிஸ்ரியாவின் இடது முழங்கை வெந்து போயிருந்ததே, எண்ணெய் கொட்டிவிட்டது என்றாளே, அது?

"அடுப்பு மேல விழுந்துட்டாவ வாப்பா. அந்த மாசம் மாத்திர வாங்கப் போக முடியல."

"இத எங்கிட்டச் சொல்ல அவளுக்கு அவ்வளவு பயமா?" என்றார் சித்தீக். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. அவர் எழுந்து மாடிக்குப் போனார். அண்ணனிடம், ஊருக்குப் போகிற பேச்சு இனி வேண்டாம் என்று மட்டும் சொன்னாராம்.

மறுநாள் காலை பத்தே முக்காலுக்கு முடிவு வந்தது. ரத்தத்தில் பெனிட்டோயின் பத்திலிருந்து இருபதுக்குள் இருக்க வேண்டும். மிஸ்ரியாவுக்கு நாற்பத்து மூன்று இருந்தது. டாக்டர் காகிதத்தோடு படியிறங்கி வந்து கம்பிவலை வழியாக அதைக் காட்டினார்.

"அந்தப் பத்துக் குப்பியும் ஏறியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. போனவர் திரும்பி வந்து, இனிமேல் ஒருவருக்கும் பழைய சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வேலை இருக்காது என்றார். சரி சார் என்றாள் ஷீலா. அவர் போனதும் பின்பக்க அறைக்குள் போய், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதாள்.

ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்க நாளாயிற்று. மூன்றாம் நாள் மிஸ்ரியாவுக்குக் கண் துடிப்பு நின்றது. ஐந்தாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். வலிப்பு வரவில்லை. பிறகு திருநெல்வேலியில் எடுத்த பெரிய ஸ்கேனில் மூளை சுத்தமாக இருந்தது.

பேச்சு தெளிந்த அன்று ஷீலா மேலே போனாள். மிஸ்ரியா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்துப் போன ஷீலாவிடம் அவள் கேட்ட முதல் கேள்வி வேறாக இருந்தது.

"ஏங்க்கா சொன்னிய?"

"சொல்லலன்னா நீங்க செத்திருப்பிய."

"இருபத்து நாலு வருஷம் காப்பாத்தி வச்சிருந்தேன்" என்றாள் மிஸ்ரியா. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஷீலா இறங்கி வந்தாள். அந்தக் கோபம் நியாயமில்லை என்று அவளால் நினைக்க முடியவில்லை.

தென்காசி சம்பந்தம் முறிந்தது. யாரும் வாய்விட்டு மறுக்கவில்லை. உடம்பெல்லாம் தேறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னவர்கள் பிறகு போன் செய்யவே இல்லை. வலிப்பை மறைத்துக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள் என்று ரசூல் வீட்டில் பேச்சு எழுந்தது. சித்தீக் ஆறு மாதம் கடையநல்லூர்ப் பக்கமே போகவில்லை. மிஸ்ரியாவுக்குப் புற்றுநோய் மருந்தை ஒரு மாத இடைவெளிக்குப் பிறகு மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை பக்கத்தில் வேறு வலிப்பு மருந்து. இரண்டு டாக்டர்களுக்கும் இரண்டும் தெரியும். மாசியில் கடைசிச் சுற்று முடிந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து வருடம் தாண்டினால்தான் உறுதி என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியிலும் ஒன்று மாறியது. புதிதாகப் படுக்கையில் சேர்கிற ஒவ்வொருவரிடமும், முக்கியமாகப் புற்றுநோய் மருந்து எடுப்பவர்களிடம், வீட்டில் என்னென்ன சாப்பிடுகிறார்கள் என்று ஷீலா போய்க் கேட்டு எழுதிய பிறகே மருந்து எழுதுகிறார் டாக்டர் சாம்ராஜ். அப்படி ஒரு ஏற்பாடு செய்ததற்குக் காரணம் எதுவும் அவர் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் எதிரில் நிற்கும்போது ஷீலா கேட்பதில்லை. டீ வாங்கி வாருங்கள் என்று அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கட்டிலருகே குனிந்து கேட்கிறாள். நாட்டு மருந்து, தூக்க மாத்திரை, யாரோ சொன்ன லேகியம் என்று ஒவ்வொன்றாக வருகிறது. ஏற்றுவதற்குத் தொங்கவிட்ட ரத்தப் பையைப் பார்த்தால் இப்போதும் அவளுக்குக் கண் இருட்டும். பார்க்காமல் நடந்து போகக் கற்றுக்கொண்டாள்.

பங்குனியில் ஒருநாள் காலை சித்தீக்கும் மிஸ்ரியாவும் கடைக்கு வந்தார்கள். கூட்டம் இருந்தது. மிஸ்ரியா கொஞ்சம் தள்ளி, தூண் பக்கம் நின்றாள். ஒட்டிப் போயிருந்த கன்னம் பழையபடி நிரம்பியிருந்தது. சித்தீக் புதுச் சீட்டை நீட்டி, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"வலிப்பு மாத்திர, ஒரு மாசத்துக்கு."

வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ்ரியா தலையைக் குனிந்தாள். ஷீலா அட்டைகளை எடுத்து, தேதி பார்த்து, கவரில் போட்டாள். கவரைச் சித்தீக்கிடம் நீட்டும்போது மிஸ்ரியா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு முன்னால் வந்து, வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு, கம்பிவலை வழியாகக் கையை நீட்டி அந்தக் கவரைத் தானே வாங்கிக்கொண்டாள்.